ஏலியன்ஸா... இல்லவே இல்லை! பிரமிடு கட்டிய கதையைச் சொல்லும் 4,500 ஆண்டு பழைய டைரி

`மனுஷனால இதெல்லாம் முடியுமா? கண்டிப்பா ஏலியன்ஸ் வேலைதான்!' - பிரமிடு பற்றி எந்த ரீல்ஸைத் திறந்தாலும் இப்படி ஒரு கமென்ட் இருக்கும். சந்தேகம் வருவதும் நியாயம்தான். எகிப்தின் கிசாவில் இருக்கும் கூஃபு மன்னரின் பிரமிடில் சுமார் 23 லட்சம் கற்கள். கட்டி முடித்தபோது அதன் உயரம் சுமார் 146 மீட்டர். கிரேன் கிடையாது, லாரி கிடையாது. அப்புறம் எப்படி?

பதில், அங்கே வேலை பார்த்த ஒருவரின் டைரியிலேயே இருக்கிறது. 2013-ல் செங்கடல் கரையில், வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் டாலேவின் குழு சில பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தது. அதில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் அன்றாடக் குறிப்புகள் இருந்தன. என்றைக்குக் கல் ஏற்றினோம், எங்கே படகை நிறுத்தினோம், எங்கே தூங்கினோம்... அவ்வளவுதான். நம்ம ஆபீஸ் டைம்ஷீட் மாதிரி!

நைல் நதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் துரா குவாரியிலிருந்து, பிரமிடின் வெளிப்பூச்சு போல அமையும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களைப் படகில் கொண்டுவருவதுதான் மெரெர் குழுவின் வேலை. 10 நாள்களுக்கு இரண்டு, மூன்று ட்ரிப். உள்ளே அடுக்கிய கற்களில் பெரும்பாலானவை கிசாவிலேயே வெட்டியவை. மன்னரின் அறைக்கான கிரானைட் மட்டும் சுமார் 800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அஸ்வானிலிருந்து நைல் வழியாக வந்தது.

சுண்ணாம்புக் கல்லை வெட்ட செம்பு உளி. கிரானைட்டுக்கு? அதைவிடக் கடினமான டோலரைட் கல்லால் இடித்து இடித்தே வடிவம் கொண்டுவந்தார்கள். வெட்டிய கல்லை மரச் சறுக்கு வண்டியில் கட்டி, கயிறு போட்டு இழுத்தார்கள். மேலே ஏற்ற சரிவுப் பாதைகள்.

மணலில் வண்டி புதைஞ்சிடாதா? எகிப்தின் பிற்காலக் கல்லறை ஓவியம் ஒன்றில் பெரிய சிலையை ஆட்கள் இழுக்க, ஒருவர் வண்டிக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஏதோ சடங்கு என்றுகூட இதற்கு விளக்கம் சொன்னார்கள். 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சரியான அளவு ஈரம் இருந்தால், இழுக்கத் தேவையான விசை பாதியாகக் குறைகிறது! கடற்கரையில் ஈர மணலில் நடந்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும்.

அரசு கூப்பிட்டால் வேலைக்கு வந்தே ஆக வேண்டிய காலம் அது. ஆனாலும் சினிமாவில் காட்டுவதுபோல சாட்டையடி வாங்கிய அடிமைக் கூட்டம் அல்ல அவர்கள். கிசாவில் தொழிலாளர் குடியிருப்பும், ரொட்டி சுட்ட இடங்களும் கிடைத்துள்ளன. பிரமிடுக்குப் பக்கத்திலேயே அவர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. அங்கே கிடைத்த எலும்புகளில் முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது. சிலருக்கு உடைந்த கை சரியாகக் கூடியிருக்கிறது. அதாவது, யாரோ கட்டுப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு குழு பிரமிடுக்குள்ளேயே தன் பெயரை எழுதிவைத்திருக்கிறது: `கூஃபுவின் நண்பர்கள்'.

`ஏலியன்ஸ்'னு ஈஸியா சொல்லிடுறோம். ஆனால், அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் முதுகு தேய இழுத்தவர்களின் உழைப்பைத்தான் வேறு யாருக்கோ எழுதிக்கொடுக்கிறோம். அடுத்த முறை அந்த கமென்ட்டைப் பார்த்தால், கீழே ரிப்ளையில் மெரெர் பெயரைப் போட்டுவிடுங்கள்!