எரிகோ முதல் ஏரேக் வரை: நகரம் தோன்றிய வரலாறு

'நாகரிகம்' என்னும் சொல் 'நகரம்' என்னும் சொல்லோடு உறவுடையது. நகரத்தில் வாழ்பவனே பண்பட்டவன் என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. ஆயினும், மனிதன் நகரத்தில் வாழ்ந்த காலம் அவனது வரலாற்றில் மிகச் சிறியதொரு பகுதியே. மொரோக்கோ நாட்டின் ஜெபல் இர்ஹூத் என்னுமிடத்தில் கிடைத்த மனித எலும்புகள் ஏறத்தாழ 3,00,000 ஆண்டுத் தொன்மை உடையவை என 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. முதல் நகரங்கள் எழுந்து ஏறத்தாழ 5,500 ஆண்டுகளே ஆகின்றன. மனித குலத்தின் வாழ்நாளை ஒரு முழு நாளாகச் சுருக்கிப் பார்த்தால், நகரத்தின் காலம் அதன் கடைசி அரைமணிக்கும் குறைவேயாம்.

மனிதன் எவ்வாறு நகரத்தை அடைந்தான்? அதனால் அவன் பெற்றது என்ன, இழந்தது என்ன? இவ்வினாக்கள் வரலாற்று ஆசிரியருக்கு மட்டும் உரியவை அல்ல. திருமறையில் முதல் நகரத்தைக் கட்டியவன் காயீன் என்று வாசிக்கிறோம் (ஆதி. 4:17). தன் உடன்பிறந்தானின் இரத்தம் சிந்தியவனிடமிருந்து நகரத்தின் கதை தொடங்குவது நம் சிந்தனைக்குரியது.

1. உழவுக்கு முன்னே குடியிருப்பு

உழவு பிறந்தது, உழவால் மனிதன் ஓரிடத்தில் தங்கினான், மிகுந்த விளைச்சலால் ஊரும், கோவிலும், எழுத்தும் தோன்றின. கார்டன் சைல்ட் என்னும் அறிஞர் 1936இல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவிய விளக்கம் ஏறத்தாழ இதுவே. இவ்வரிசை இன்று அத்துணை நேரானதாகத் தோன்றவில்லை.

பாலஸ்தீனப் பகுதியில் வாழ்ந்த நத்தூபிய மக்கள், உழவு தோன்றுமுன்னரே கல் அடித்தளமிட்ட குடில்களில் தங்கி வாழ்ந்தனர். யோர்தான் நாட்டின் சுபைக்கா என்னுமிடத்தில், ஏறத்தாழ 14,400 ஆண்டுகளுக்கு முன் சுட்ட அப்பத்தின் கருகிய துணுக்குகள் கிடைத்தன. காட்டுத் தானியத்தால் ஆன அந்த அப்பம் உழவுக்கு 4,000 ஆண்டுகள் முந்தியது.

துருக்கி நாட்டில் சான்லிஉர்பா நகருக்கு அருகிலுள்ள கோபெக்லி தெபே இன்னும் வியப்பூட்டுவது. கிளவுஸ் ஷ்மித் 1995 முதல் அங்கு அகழாய்வு நடத்தினார். கி.மு. 9500ஐ ஒட்டிய காலத்தில், காட்டுத் தானியத்தையும் வேட்டையையும் நம்பி வாழ்ந்த மக்கள் அங்கே பெருந்தூண்களை வட்டமாக நிறுத்தியிருந்தனர். சில தூண்கள் 5 மீட்டருக்கும் உயரமானவை. வழிபாட்டுக்காகக் கூடியவர்களே பின்னர் உழவராயினர் என்பது ஷ்மித்தின் கருத்து. ஆனால் பிற்கால ஆய்வில் அங்கே குடியிருப்புகளும் மழைநீர்த் தொட்டிகளும் இருந்தமை தெரிய வந்தது. ஆகவே கோவில் முந்தியதா, வீடு முந்தியதா என்பதை முடிந்த முடிபாகக் கூறுவதற்கில்லை. வழிபாடு உழவின் மிச்சத்தால் வந்ததன்று என்ற அளவில் மட்டும் உறுதியாகக் கூறலாம்.

2. எரிகோவின் கோபுரம்

காத்லீன் கென்யன் அம்மையார் 1952 முதல் 1958 வரை எரிகோவில் அகழாய்வு செய்தார். வற்றாத ஊற்றொன்றின் அருகில், கி.மு. 8000ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கல்மதிலையும், 8.5 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தையும் கண்டார். கோபுரத்தினுள்ளே 22 படிகள் உள்ளன. மதில் பகைவரைத் தடுக்கவா, வெள்ளத்தைத் தடுக்கவா என்பதில் அறிஞர் வேறுபடுவர். சற்றுப் பிந்திய அடுக்கில், இறந்தோரின் மண்டையோடுகளுக்குச் சுதை பூசி முகம் அமைத்து, கண்களில் சிப்பி பதித்து வீட்டில் வைத்திருந்தமையும் தெரிந்தது. மூதாதையரின் நினைவு அவ்வூராரைப் பிணைத்தது போலும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை தேவை. இக்கோபுரத்தின் படத்தைக் காட்டி 'யோசுவாவின் காலத்து மதில்' என்று சபையில் விளக்குவது தவறு. இது யோசுவாவின் காலத்துக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தியது. மேலும், ஜான் கார்ஸ்டாங் 1930களில் யோசுவாவோடு தொடர்புபடுத்திய இடிந்த மதில்களும் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்தியவை எனக் கென்யன் அம்மையார் காட்டினார். மண்ணிலிருந்து கிடைப்பதை நாம் விரும்பும் விடையாகத் திரிப்பது திருமறைக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

3. உழவின் விலை

காட்டு வாற்கோதுமையின் கதிர் முற்றியதும் மணிகள் தாமே உதிர்ந்துவிடும். உதிராத கதிர்களே அறுப்போர் கையில் மிகுதியாகச் சிக்கின. அவற்றின் மணிகளே மீண்டும் விதைக்கப்பட்டன. இவ்வாறு பல தலைமுறைகளில் மனிதனின்றி விதை பரப்ப இயலாத பயிர் உருவாயிற்று. பயிர் மனிதனை நம்பியது; மனிதனும் பயிருக்குக் கட்டுப்பட்டான்.

இம்மாற்றத்தால் மக்கள்தொகை பெருகியது. ஆனால் பல இடங்களில் முதல் உழவரின் எலும்புகள் வேறொரு சான்றும் பகர்கின்றன: பற்சொத்தை மிகுந்தது, உடலின் உயரம் குறைந்தது, நோயின் தழும்புகள் பெருகின. முகத்தின் வியர்வையால் அப்பம் புசித்தல் என்னும் ஆதியாகமச் சிந்தனையை, உழுது வாழ்ந்த மக்களின் பட்டறிவு என்றும் நாம் வாசிக்கலாம்.

4. ஏரேக்கும் எழுத்தும்

சிநெயார் தேசத்து நகரங்களுள் ஒன்றாக ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் குறிக்கும் ஏரேக், தென் ஈராக்கிலுள்ள உரூக் ஆகும். அங்கே கல் இல்லை, உலோகம் இல்லை, நல்ல மரமும் இல்லை. களிமண்ணும், நாணலும், ஆறும் உண்டு. கல்லுக்குப் பதில் செங்கல் என்று பாபேல் கதை கூறுவது இந்நிலத்தின் உண்மையே. ஐபிராத்து நதியோ விதைப்புக் காலத்தில் அன்று, கதிர் முற்றும் வேனிற் காலத்தில் பெருகுவது. ஆகவே கரையும் வாய்க்காலும் அமைக்கப் பலர் கூடி உழைக்க வேண்டியிருந்தது. கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டின் முடிவில் உரூக், பல பத்தாயிரம் மக்கள் வாழ்ந்த பெருநகராக வளர்ந்தது. அதன் நடுவே இனன்னா தேவியின் கோவில் வளாகம் ஓங்கி நின்றது.

அவ்வளாகத்தில் ஏறத்தாழ 5,000 களிமண் ஏடுகளும் துணுக்குகளும் கிடைத்தன. கி.மு. 3200ஐ ஒட்டித் தொடங்கும் இவை உலகின் மிகப் பழைய எழுத்துகளுள் அடங்குவன. அவற்றில் எழுதப்பட்டது என்ன? மறைமொழி அன்று, மன்றாட்டும் அன்று. பத்தில் ஒன்பது பங்கு ஏடுகள் கணக்குகளே: இத்தனை அளவு வாற்கோதுமை, இத்தனை ஆடுகள், இத்தனை ஆட்கள். எஞ்சியவை எழுத்தர் பயிலுவதற்கான சொற்பட்டியல்கள். கதைகளும் துதிப்பாடல்களும் எழுத்தில் இடம்பெற இன்னும் ஏறத்தாழ 500 ஆண்டுகள் சென்றன.

அந்த எழுத்தின் குறிகளே நம்மோடு பேசுகின்றன. உண்பதைக் காட்டும் குறி, தலையும் அதனருகே கிண்ணமும் சேர்ந்தது. அதைப் போன்ற முரட்டு மண்கிண்ணங்கள் உரூக்கில் எண்ணிறந்து கிடைத்துள்ளன. வேலையாட்களுக்குப் படியளந்த கிண்ணங்கள் அவை எனப் பலர் கருதுவர். அப்பம் சுடும் அச்சு என்பாரும் உளர். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் குறியோ, 'பெண்' என்னும் குறியும் 'மலை' என்னும் குறியும் இணைந்தது. மலைநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவள் என்பது அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது. எழுதத் தொடங்கிய காலத்திலேயே மனிதன் அடிமையை எண்ணவும் கற்றிருந்தான்.

5. முடிவாக

நகரத்தை இகழ்வது நம் நோக்கமன்று. ஏடும், கணக்கும், சட்டமும், கல்வியும் அது தந்தவை. திருமறை நம் கைக்கு வந்ததும் எழுத்தின் வழியாகவே. ஆனால் அதே எழுத்துகோல் ஒருவனுக்கு உரிய படியைக் காக்கவும், ஒருத்தியை உடைமையாகப் பதியவும் பயன்பட்டது.

திருமறை காயீனின் நகரத்தில் தொடங்கிப் புதிய எருசலேம் என்னும் நகரத்தில் முடிகிறது. நகரத்தை விட்டு ஓடுவதில் முடியவில்லை. தொல்லியல் அவ்விசுவாசத்தை மெய்ப்பிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. ஆனால், நம் நகரங்களின் கிண்ணத்தை நிரப்புவோர் யார், அக்கிண்ணத்தை ஏந்தி நிற்போர் யார் என்று கேட்க அது நமக்குக் கற்பிக்கிறது. அவ்வினாவை நம் போதகமேடையும் கேட்க வேண்டும்.