காரின் இழுவைக் கட்டுப்பாடு: செலவுக்கு முன் சோதனை

மழைக்காலச் சாலையில் நமது கார் சறுக்காமல் செல்லத் துணை நிற்கும் ஏற்பாடுகளுள் ஒன்று, டிராக்‌ஷன் கண்ட்ரோல் எனப்படும் இழுவைக் கட்டுப்பாடு. அதற்குரிய மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் அணையாமல் எரிந்தால், வாகனக் கடன் பெற்றுக் கார் வாங்கியோர் பலர் பெருஞ்செலவு வந்துவிட்டதென அஞ்சுகின்றனர். வேறு சிலரோ, வண்டிதான் ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். இரண்டுமே சரியன்று. பழுது பல நேரங்களில் சிறியதாகவே இருக்கும். அது எதுவென அறிந்த பின்னரே பணப்பையைத் திறப்பது நன்று.

எவ்வாறு இயங்குகிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் அதன் சுழற்சி வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. எஞ்சின் சுழற்றும் சக்கரங்களுள் ஒன்று ஈரத்திலோ மணலிலோ பிடிப்பிழந்து மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால், காரின் கணினி அதனை உணர்ந்து அச்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும். தேவையெனில் எஞ்சினின் விசையையும் குறைக்கும். ஏபிஎஸ் அமைப்பும் இதே சென்சார்களைச் சார்ந்தது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஒரு சென்சார் பழுதுற்றால் இரண்டு விளக்குகளும் சேர்ந்து எரிவது இதனால்தான். அப்போது வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஆனால் திடீரென அழுத்தும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு இராது.

விளக்கு சொல்வது என்ன?

ஓடும்போது விளக்கு விட்டுவிட்டு மின்னினால், அமைப்பு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். நாம் வேகத்தைக் குறைத்தால் போதும். ‘ஆஃப்’ என்ற சொல்லுடன் எரிந்தால், அதற்குரிய பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம். எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்கிய பின்னரும் அணையாவிடில் பழுதெனக் கொள்ளலாம். சிவப்பு நிற பிரேக் விளக்கும் உடன் எரிந்தால் காரை ஓட்டுதல் கூடாது.

வீட்டில் செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது, டயர்கள். நான்கும் ஒரே அளவினவா, தேய்மானம் ஏறத்தாழ ஒன்றாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் குறைந்த அல்லது அளவில் சிறிய டயர் மற்றவற்றைவிட விரைவாகச் சுழலும். கணினி அதனைச் சறுக்கல் என எண்ணக்கூடும். உரிய காற்றழுத்தம் பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும்.

இரண்டாவது, பேட்டரி. எஞ்சின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட்டும், ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட்டும் இருத்தல் இயல்பு. மின்னழுத்தம் குறைந்தால் பல விளக்குகள் ஒன்றாக எரிவதுண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு விளக்கு எரிந்தால், ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பிச் சிறிது தூரம் ஓட்டுவதே பல கார்களில் போதுமானது.

மூன்றாவது, பழுதுக் குறியீடு. ஸ்டீயரிங்குக்குக் கீழ்ப்பகுதியில் 16 முனைகள் கொண்ட ஓபிடி இணைப்பு இருக்கும். அதில் ஸ்கேனரைப் பொருத்தினால் பழுதுற்ற சக்கரம் எதுவெனத் தெரியும். விலை குறைந்த கருவிகள் பல எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிப்பவை. ஏபிஎஸ் குறியீட்டையும் படிப்பதா எனக் கேட்டு வாங்குதல் வேண்டும். எஞ்சின் விளக்கும் எரிந்தால் அப்பழுதை முதலில் நீக்க வேண்டும். எஞ்சின் சீராக இயங்காதபோது பல கார்களில் இழுவைக் கட்டுப்பாடும் தானாகவே நின்றுவிடும்.

நான்காவது, சென்சாரும் அதன் ஒயரும். சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக் இட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் ஸ்டாண்டின் மீது வண்டியை இறக்கி நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே நுழைதல் உயிருக்கு ஆபத்து. ஒயரை எலி கடித்திருக்கிறதா, இணைப்பில் பச்சை படிந்திருக்கிறதா, சென்சார் முனையில் சேறோ இரும்புத் துகளோ ஒட்டியிருக்கிறதா எனப் பார்த்துத் துணியாலும் பிரேக் கிளீனராலும் துடைக்கலாம். இணைப்பைக் கழற்றுமுன் சாவியை அணைத்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒரே போல்ட்டில் நிற்கும் சென்சாரைப் பொறுமையுள்ளோர் தாமே மாற்றலாம். துருப்பிடித்து அசையாதிருந்தால் சுத்தியலால் அடிக்காமல் மெக்கானிக்கிடம் விடுதல் நலம். பணி முடிந்ததும் குறியீட்டை அழித்து, நெரிசலற்ற சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

பிரேக் ஆயில் கசிவு, ஏபிஎஸ் பம்ப், கணினிப் பெட்டி ஆகியவை வீட்டு வேலைகள் அல்ல. உத்தரவாதக் காலம் முடியாத காரில் எதையும் கழற்றாமல் நிறுவனத்தின் பணிமனைக்கே கொண்டு செல்லுதல் வேண்டும். நாமே கழற்றினால் உத்தரவாதம் மறுக்கப்பட இடமுண்டு.

பணம் பற்றி நாம் கருத வேண்டியவை

வழக்கமான முழுமைக் காப்பீட்டுப் பாலிசி, விபத்தால் நேர்ந்த சேதத்தை ஏற்கும்; இயந்திர, மின் பழுதுகளையும் தேய்மானத்தையும் ஏற்காது. சென்சார் செலவு நம் கைச்செலவே. கடன் தவணையைக் கணக்கிடும்போதே பராமரிப்புக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் ஒதுக்கி வந்தால், பழுது நேரும் மாதத்தில் தவணை தவறாது. பணிமனையில் குறியீட்டை எழுதித் தரும்படியும், உதிரிபாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனி மதிப்பீடு தரும்படியும், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரும்படியும் கேட்பது வாடிக்கையாளரின் முறையான உரிமை.

பழைய கார் வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பும்போது, இவ்விளக்கு சில நொடிகள் எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். ஒருபோதும் எரியாவிட்டால், பழுதை மறைக்க விளக்கே துண்டிக்கப்பட்டிருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சில நொடிகளைச் செலவிடுவோம்.