மீன் தொட்டியில் பாதாம் இலை: ஃபில்டரில் கரி இருக்கா?

குற்றாலத்துச் சிற்றாறு மாதிரி மலையாறுகளில் உதிர்ந்த இலைகள் ஊறிக்கிட்டே இருக்கும். அந்தச் சூழலை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவரத்தான் நாட்டு பாதாம் இலை. ஆன்லைனில் காசு கொடுத்து வாங்க வேண்டாம். இலத்தூர்ப் பக்கம் மரத்தடியிலேயே கிடைக்கும்.

மருந்து தெளிக்காத மரத்தில் தானா உதிர்ந்து காய்ந்த இலையா எடுங்க. கழுவி, கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டு எடுங்க. 20 லிட்டர் தொட்டிக்கு ஒரு இலையில் ஆரம்பிக்கலாம். இலையிலுள்ள டானினும் ஹியூமிக் அமிலமும் கரைந்து தண்ணீர் டீ நிறமாகும், பி.எச். கொஞ்சம் இறங்கும். போர் தண்ணீர் கடினமா இருந்தா அவ்வளவா இறங்காது, அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைச் சமன் செய்துவிடும்.

இப்போ ஃபில்டருக்கு வருவோம். ஆக்டிவேட்டட் கார்பன் டானினைத் தன் நுண்துளைகளில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் இலையைப் போட்டு, மறுபக்கம் கரியை வைத்தால் இரண்டுமே வீண். மீனுக்கு வைத்தியம் முடிந்தபின் மிச்ச மருந்தை நீக்க மட்டும் கரி வையுங்க.

ஸ்பாஞ்சும் செராமிக் ரிங்கும் கட்டாயம் வேணும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அங்கேதான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அவை செத்துரும். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்க.

புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் அம்மோனியாதான் காரணம். அதை இலை சரிசெய்யாது. அழுகும் இலை ஆக்சிஜனையும் குடிக்கும். கூழாகும் முன் எடுத்துடுங்க. முதல்ல ஃபில்டர், அப்புறம்தான் இலை.