கணினிக்குள் ஓடும் மெட்ராஸ் நேரம்

தி.நகரில் கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகும் சில கணினிகளுக்கு வேலை முடிவதில்லை. அன்றைய பில்களை நகலெடுத்து வைப்பது, பழைய கோப்புகளை அழிப்பது என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். லினக்ஸ் கணினியில் இதற்கெல்லாம் பொறுப்பு கிரான் என்ற சின்ன நிரல். 1970களில் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸில் பிறந்தது. 1987இல் பால் விக்ஸி எழுதிய வடிவம்தான் லினக்ஸில் பரவியது.

கிரானுக்கு ஒரே ஒரு வரி போதும். 30 23 * * 1 என்று எழுதி, பக்கத்தில் கட்டளையைச் சேர்த்தால், திங்கள்தோறும் இரவு 11.30க்கு வேலை நடக்கும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள். நட்சத்திரக் குறிக்கு ‘எதுவானாலும் சரி’ என்று பொருள். நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் விழித்து, பட்டியலைப் பார்த்து, பொருந்திய வேலையைத் தொடங்கிவிட்டு மறுபடி உறங்கிவிடும். அந்த நேரத்தில் மின்சாரம் போய்க் கணினி அணைந்திருந்தால், விட்ட வேலையை அது பிறகு செய்யாது. இன்னொன்று: மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பிரதோஷத்தை இந்த ஐந்து கட்டங்களில் எழுதவே முடியாது. திதி நிலவோடு நகர்வது. கிரானுக்கு ஆங்கில நாட்காட்டி மட்டுமே தெரியும்.

சரி, இப்போது மணி என்ன என்று கிரானுக்கு யார் சொல்வது? கணினி உள்ளே உலகப் பொது நேரத்தைத்தான் எண்ணுகிறது. அதை நம் நேரமாக மாற்ற ‘ஆசியா/கொல்கத்தா’ என்றொரு கோப்பு இருக்கிறது. 5 மணி 30 நிமிடம் கூட்டு என்று அது சொல்கிறது. அமைப்பில் இதைக் குறிப்பிட மறந்தால், காலை 5 மணிக்கு வைத்த வேலை அடையாறில் 10.30க்குத்தான் ஓடும்.

எனக்குப் பெரும் வியப்பு அந்தக் கோப்பின் பழைய வரிகள்தான். 1906 ஜனவரி 1க்கு முந்தைய காலத்துக்கு அதில் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்றிருக்கிறது. அது மெட்ராஸ் நேரம்! 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தின் கணக்கு. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட நேரமாக இருந்ததால், நாட்டின் ரயில்கள் அதையே பின்பற்றின. இன்றைய இந்திய நேரத்தைவிட 8 நிமிடம் 50 விநாடி பின்தங்கியது. போர்க்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியதும் 1945இல் அதைத் திருப்பியதும்கூட அதே கோப்பில் பதிவாகியிருக்கின்றன.

இந்திய நேரத்தில் இயங்கும் லினக்ஸ் கணினியிடம் 1900ஆம் ஆண்டின் ஒரு நாளைக் கொடுத்து நேரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மெட்ராஸ் மீன் டைம் என்பதன் மூன்று முதலெழுத்துகளோடு பதில் வரும்.