படத்தின் பின்புறத்தை மங்கலாக்குதல்: செய்முறையும் கவனிக்க வேண்டியவையும்

2009ஆம் ஆண்டு மாத்தளன், முள்ளிவாய்க்கால் வழியாக வெளியேறிய எமது குடும்பங்கள் பலவற்றிடம் காணி உறுதியும் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. பொலித்தீன் பையில் சுற்றி எடுத்து வந்த இரண்டொரு புகைப்படங்களே எஞ்சின. அவையும் தண்ணீரில் நனைந்து, கறை பிடித்து, ஓரம் அரித்துப் போயுள்ளன.

இத்தகைய படங்களிலிருந்து ஒருவரின் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கும் தேவை இன்று பலருக்கு உண்டு. இறந்தவரின் நினைவுநாளுக்கு ஒரு படம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுவோருக்கும் வேண்டும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்களின் கைகளில் இருந்தவை இப்படிப் பெரிதாக்கிய படங்களே. முகம் தெளிவாகத் தெரிவதற்காகப் பின்புறத்தை மங்கலாக்கித் தருமாறு நாம் ஸ்ரூடியோவில் கேட்கிறோம். அது எப்படிச் செய்யப்படுகிறது, அதனால் எதை இழக்கக்கூடும் என்பவற்றை இங்கு பார்ப்போம்.

மங்கலாக்குதல் என்றால் என்ன?

கணினியில் உள்ள படம் மிகச் சிறிய நிறப்புள்ளிகளால் ஆனது. மங்கலாக்கும்போது ஒவ்வொரு புள்ளியின் நிறமும் அதன் அயலில் உள்ள புள்ளிகளின் நிறங்களோடு கலந்து சராசரியாக்கப்படுகிறது. கிட்டிய புள்ளிக்குக் கூடிய பங்கும் தூரத்துப் புள்ளிக்குக் குறைந்த பங்கும் கொடுக்கும் முறைக்கு ‘கௌசியன் பிளர்’ என்று பெயர். ஜேர்மன் கணித அறிஞர் கார்ல் பிரெட்ரிக் கௌஸ் (1777–1855) என்பவரின் பெயரால் அது வழங்குகிறது.

மொட்டைக்கறுப்பனையும் பச்சைப்பெருமாளையும் சேர்த்து அரைத்து மாவாக்கிய பின் இரண்டையும் வேறாக்க முடியாது. மங்கலாக்கிய படமும் அப்படித்தான். சேமித்து மூடிய பின் பழைய பின்புறத்தை அதிலிருந்து மீட்க இயலாது.

செய்யும் முறை

ஃபோட்டோஷொப் 1990இல் வெளிவந்தது. அதற்குப் பணம் செலுத்த வேண்டும். 1996இல் வெளிவந்த ‘கிம்ப்’ என்னும் மென்பொருள் இலவசமானது. கணினி பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதனை எளிதில் செய்வார்கள்.

1. படத்தை ஸ்கான் செய்யுங்கள். 3.5 சென்ரிமீற்றர் அகலமான சிறிய படத்தை 600 அளவில் ஸ்கான் செய்தால் குறுக்கே சுமார் 827 புள்ளிகள் கிடைக்கும். ஏ4 தாளின் முழு அகலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 100 புள்ளிகளே வரும். முகம் தெளிவாக இராது. ஆகவே சிறிய படத்தை 1200 அளவில் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கானர் இல்லாவிடின் படத்தைத் தட்டையாக வைத்து, நிழலான பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் கைத்தொலைபேசியால் நேராகப் படமெடுங்கள். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரித்தெடுக்க முயல வேண்டாம்; கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள்.

2. அந்தக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, வேறு பெயரில் ஒரு பிரதி செய்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

3. ‘ஃபிறீ செலக்ற்’ என்னும் கருவியால் ஆளைச் சுற்றி மெதுவாகக் கோடு இழுங்கள். ஓரம் வெட்டியது போல் தெரியாதிருக்க ‘ஃபெதர்’ என்பதில் சிறிய அளவொன்று கொடுங்கள்.

4. ‘இன்வேர்ட்’ கொடுத்தால் ஆளை விட்டுப் பின்புறம் தெரிவாகும். பின்னர் ‘கௌசியன் பிளர்’ கொடுங்கள். குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அளவு மிஞ்சினால் தலைமயிர், சேலைக்கரை ஆகியவற்றின் நிறம் வெளியே கசிந்து உருவத்தைச் சுற்றி வளையம் போலத் தெரியும்.

புதிய கைத்தொலைபேசிகள் ‘போர்ட்ரெயிற்’ முறையில் இதனைத் தாமாகவே செய்கின்றன. எது கிட்ட, எது தூர என்று கணித்து அவை மங்கலாக்கும். கணிப்புப் பிழைப்பதும் உண்டு. ஊன்றுகோலையும் சக்கர நாற்காலியின் சில்லையும் பின்புறமென்று எண்ணி அழித்துவிடும். எடுத்தவுடன் பெரிதாக்கிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வீட்டில் திருத்திய படம் உதவாது. அவற்றை அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோவிலேயே எடுக்க வேண்டும்.

பின்னால் நிற்கும் வேறொருவரின் பாதுகாப்புக் கருதி அவர் முகத்தை மறைப்பதானால் இலேசான மங்கல் போதாது. பழகியவர்கள் உருவத்தைக் கொண்டே ஆளை அறிவார்கள். அந்த இடத்தை ஒரே நிறத்தால் முழுவதும் மூடிவிடுவதே நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது மூலப்படமாகும். மடுத் திருவிழாவுக்குப் போன குடும்பம் ஒன்று புறப்படுமுன் தன் வளவில் நின்று எடுத்த படத்தை எண்ணிப் பாருங்கள். மூத்த மகனின் முகம் வேண்டுமென்று மற்ற அனைத்தையும் மங்கலாக்குகிறோம். அவன் பின்னால் கிணற்றுக்கட்டு இருந்தது. அதன் அருகே இரண்டு தென்னைகள், பனையோலை வேலி, ஓட்டு வீட்டின் ஒரு மூலை. அவன் தோளில் தம்பியின் கை கிடந்தது. அந்த வீடு இன்று இல்லை, தென்னைகளும் இல்லை. அங்கு ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பதைக் காட்ட அந்தப் பின்புறமே மிஞ்சியிருக்கிறது.

கேப்பாப்பிலவு போன்ற இடங்களில் மக்கள் தங்கள் காணியைக் கேட்டுப் பல மாதங்கள் தெருவோரம் இருந்தார்கள். புகைப்படம் உறுதிக்கோ பேர்மிற்றுக்கோ ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ எமது வளவைப் பற்றிச் சொல்லும்போது, கிணறும் மரமும் தெரியும் படம் எமது சொல்லுக்குத் துணை நிற்கும். மங்கலாக்கிய படம் அப்படி நிற்காது.

ஆகவே ஸ்ரூடியோவில் திருத்தக் கொடுத்தால் மூலப்படத்தையும், திருத்தாத ஸ்கானையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஸ்கானின் ஒரு பிரதியை வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களோடு அமர்ந்து படத்தில் நிற்பவர் யார், கிணறு யாருடையது, வேலிக்கு அப்பால் யாருடைய காணி, எந்த ஆண்டு என்று கேட்டு ஒரு தாளில் எழுதிப் படத்தோடு சேர்த்து வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் எம்மோடு இருக்கும்போதே இதனைச் செய்துவிடுவோம்.