திறன் பயிற்சி சிலபஸை எழுதுறது யாரு?

கோர்ஸ் முடிச்சாச்சு, சர்ட்டிஃபிகேட்டும் கையில இருக்கு. ஆனா வேலை?

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் பயிற்சித் திட்டங்களில் நிறுவனங்களுக்கு இடம் தரப்பட்டது. 2008-இல் உருவான தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தில் தனியார் பங்கு 51%, மத்திய அரசின் பங்கு 49%. எந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற தரநிலையை வகுப்பது, தொழில்துறையினர் நடத்தும் துறைவாரித் திறன் கவுன்சில்கள்.

ஆனால், அந்த சர்ட்டிஃபிகேட்டோடு வருபவரை எடுத்தே ஆகணும்னு நிறுவனங்களுக்குக் கட்டாயம் இல்லை. 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் எடுப்பது கட்டாயம். பயிற்சி முடிந்ததும் வேலை தருவதா என்பது நிறுவனத்தின் முடிவு.

சிலபஸில் கை வைப்பவர்களுக்கு வேலை தரும் பொறுப்பும் வேணும்ல? அதுவரை, சேரும் முன்னாடியே கேளுங்க: போன பேட்ச்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது, என்ன சம்பளத்துல?