நேரத்துக்கும் கணக்கு வைப்போம்

"கடைசித் தேதி நேற்றோடு முடிந்துவிட்டதாமே!" கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் இப்படிக் கலங்கி நிற்பதை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். பிள்ளைக்கு மதிப்பெண் இருக்கும், தகுதியும் இருக்கும். வருமானச் சான்றிதழுக்கு மட்டும் கடைசி வாரத்தில்தான் மனுப் போட்டிருப்பார்கள். பணம் குறைந்தால் நம்மால் ஓரளவு உதவ முடியும். போன நாளை யாராலும் வாங்கித் தர முடியாது.

திருக்குர்ஆனின் 103-ஆவது அத்தியாயம் காலத்தின் பெயரையே தாங்கியுள்ளது. மூன்றே வசனங்கள், நம் வீட்டுச் சிறுவர்களும் மனப்பாடமாக ஓதுகிறார்கள். ஓதுவதை நடைமுறைக்குக் கொண்டுவர, எந்த வீட்டிலும் செய்யக்கூடிய சில வழிகளை இங்கே சொல்கிறோம்.

வக்தோடு வேலையைச் சேர்ப்போம்

ஐந்து வேளைத் தொழுகை நம் நாளை ஏற்கெனவே பகுதிகளாகப் பிரித்துத் தந்திருக்கிறது. "பிறகு பார்க்கலாம்" என்று சொன்ன வேலை பெரும்பாலும் நடப்பதில்லை. "லுஹருக்கு முன் மின்கட்டணம்", "அஸருக்குப் பின் கடைக்கணக்கு" என்று ஒரு வக்தோடு சேர்த்துச் சொன்னால் நினைவில் நிற்கும். ஃபஜ்ருக்குப் பிந்தைய அமைதியான நேரம் பாடம் படிக்க ஏற்றது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. அந்நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்தாலே போதும்.

சுவரில் ஒரு நாட்காட்டி

கட்டம் போட்ட மாத நாட்காட்டி ஒன்றை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்கள். தேர்வுக் கட்டணம், கடன் தவணை, மருத்துவரிடம் மறுபடி காட்டவேண்டிய நாள் ஆகியவற்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கடைசித் தேதியை மட்டும் எழுதினால் போதாது. வேலையைத் தொடங்கவேண்டிய தேதியையும் எழுதவேண்டும். சான்றிதழ்களுக்கு ஒரு மாதம் முன்பே இ-சேவை மையத்துக்குப் போய்விடுவது நல்லது.

வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகள் பாஸ்போர்ட்டையும் கவனிக்கவேண்டும். பெரியவர்களுக்கு 10 ஆண்டுகள் செல்லும். சிறுவர்களுக்குப் பொதுவாக 5 ஆண்டுகள்தான். பயணத்தின்போது இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஆகவே முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பே குறித்து வையுங்கள்.

25 நிமிடம் போதும்

படிக்க உட்கார்ந்தால் மனம் ஓடுகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்களா? இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில், தாம் மாணவராக இருந்தபோது ஒரு வழி கண்டார். தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிடம் ஓய்வு. நான்கு முறை முடிந்ததும் சற்று நீண்ட ஓய்வு. கைப்பேசியின் அலாரமே இதற்குப் போதும். அலாரம் வைத்ததும் அதைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்துவிடவேண்டும்.

கைப்பேசியின் கணக்கு

கைப்பேசியில் நாம் செலவிடும் நேரத்தை அதுவே காட்டும். ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். நாளுக்கு 2 மணி நேரம் வீணானால் ஆண்டுக்கு 730 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக ஒரு மாதம் முழுவதும்! அங்கேயே ஒவ்வொரு செயலிக்கும் நேர வரம்பு வைக்கலாம். இரவில் சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தால் தூக்கமும் கிடைக்கும், ஃபஜ்ரும் தவறாது.

அம்மாவின் நேரமும் நேரம்தான்

இத்தனையும் சொல்லிவிட்டு, வீட்டு வேலை முழுவதையும் ஒருவர் தலையிலேயே விட்டுவிட்டால் பயனில்லை. மார்க்கெட், பாத்திரம் கழுவுதல், துணி மடித்தல் ஆகியவற்றை ஆண்மக்களும் பங்கிட்டுக்கொள்ளட்டும். அவருக்கும் ஓதவும் ஓய்வெடுக்கவும் நாளில் ஒரு மணி நேரமாவது கிடைக்கவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வரும் ஜும்ஆவுக்குள் நாட்காட்டியை மட்டும் மாட்டிவிடுங்கள். எந்தச் சான்றிதழுக்கு எப்போது மனுச் செய்யவேண்டும் என்ற ஐயம் இருந்தால் இப்போதே நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கடைசித் தேதிக்கு முன் வருபவர்களுக்கு நம்மால் எவ்வளவோ செய்ய முடியும். அல்லாஹ் நம் அனைவரின் நேரத்திலும் பரக்கத் செய்வானாக!